கம்பெனி ஃபிட்டிங்

அத்தியாயம் 17

சிறுவாச்சூர் அம்மன் சாட்சியாக, உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம்: இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது. ஒரு புள்ளிகூடக் கூட்டவில்லை. செந்துறைப் பக்கம் இந்த அக்னி நட்சத்திரத்தில் முந்திரிக்கொட்டை மரத்திலேயே வறுபட்டு விழுந்தது என்று போன வாரம் படித்துவிட்டு, சிலர் சந்தேகம் கிளப்பியிருக்கிறார்கள். அவர்கள் அந்த மரத்தடியில் உப்பும் மிளகாய்த்தூளுமாகப் போய் நின்றவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த வெயிலில்தான் வெள்ளைச்சாமி மயங்கினார்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால், முதுகுக்குப் பின்னால் சின்ன வெங்காய மூட்டைகளோடு, தன் பழைய பிக்கப் வண்டியின் ஸ்டீரிங் மேல் சாய்ந்தார். நெஞ்சு ஹாரனை அழுத்தியது. அந்த ஹாரன் சத்தத்துக்கு மூன்று பஸ் கண்டக்டர்கள் பதில் விசில் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் முத்தமிழ்தான் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினான்.

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. "வண்டிய குடுத்துருவோம்பா" என்றான் முத்தமிழ். அவனுக்குச் சிமெண்ட் ஆலையில் வேலை. அப்பா வண்டி ஓட்டித்தான் சோறு என்ற நிலைமை இல்லை. வெள்ளைச்சாமி அவனோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவனே இறங்கி வந்து, "சரி, ஏசியாவது வெப்போம்" என்றான். அதற்கும் அவர் தலையாட்டவில்லை. ஏசி வைக்க டேஷ்போர்டை அறுக்க வேண்டும். டேஷ்போர்டின் நடுவில் அம்மன் படம் இருக்கிறது. அம்மனுக்குப் பக்கத்தில் வாள் வைப்பதா?

கடைசியில் வழியும் அவரே சொன்னார். பூ கேட்கலாம்.

வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். சிறுவாச்சூரில் அம்மன் காலடியில் இரண்டையும் போட்டு, முன்பின் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் ஏசி. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

வெள்ளை வந்தது. அம்மனே சொன்ன பிறகு குறுக்கே பேச வெள்ளைச்சாமி யார்? சாவியைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார்.

இன்றைக்கு வண்டி தயார்.

* * *

பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம் அருள் பிரகாஷின் ஒர்க்ஷாப். ஏலாக்குறிச்சிப் பையன். கார் ஏசி வேலையில் கைராசிக்காரன் என்று முத்தமிழ்தான் தேடிப் பிடித்திருந்தான். வெள்ளைச்சாமி மனைவி இருசம்மாளோடு பஸ்ஸில் வந்து இறங்கியபோது, மகன் முன்னாலேயே வந்து நின்றிருந்தான்.

வெள்ளைச்சாமி வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். குனிந்து கால் வைக்கிற இடத்தைப் பார்த்தார்.

"ஏசி எங்கப்பா?"

"அதுலதாங்க இருக்கு" என்றான் அருள் பிரகாஷ்.

"ஒரு பொட்டி தொங்கும்ல? காலுக்குப் பக்கத்துல?"

"அதெல்லாம் அந்தக் காலம் ஐயா. முட்டி இடிச்சு இடிச்சு ஏசியும் கெடும், முட்டியும் கெடும். இப்ப எல்லாம் உள்ள போயிருச்சு. இந்தப் பக்கம் சாமான் போடற குழி இருந்துச்சுல்ல, அதுக்குப் பின்னாடி கூலிங் காயில் உக்காந்திருக்கு. காத்து வர்றதுக்கு இந்த நாலு ஜன்னல்."

நாலு சின்ன ஜன்னல்கள். டேஷ்போர்டின் அதே கறுப்பு. அதே சொரசொரப்பு. எங்கே அறுத்தான், எங்கே ஒட்டினான் என்று தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை. மூன்று திருகு, பழைய திருகுகளோடு பிறந்தது மாதிரி வரிசையில் நின்றது.

"கம்பெனி ஃபிட்டிங் மாதிரியே இருக்கணும்னு முத்தமிழ் அண்ணன் கண்டிசனா சொல்லிட்டாரு" என்றான் அருள் பிரகாஷ். "வண்டி செஞ்ச கம்பெனிக்காரனே வந்து பாத்தாலும், இத நாம எப்படா வெச்சோம்னு கொழம்பணும்."

நடுவில் அம்மன் படம் பழைய இடத்திலேயே இருந்தது. இருசம்மாள் அதைத் தொட்டுக் கும்பிட்டாள். "காத்து சாமி மேல அடிக்காதாப்பா? சளி கிளி புடிச்சுக்கப் போவுது."

"ரெண்டு பக்கமும் ஜன்னல திருப்பி வெச்சிருக்கேம்மா. அவங்க மேல படாது."

"நல்லா இருப்ப."

அவளும் முத்தமிழும் பின்பக்கம் போனார்கள். அருள் பிரகாஷ் மாதா படம் மாட்டிய அலமாரியிலிருந்து எதையோ எடுத்து வந்து வெள்ளைச்சாமி கையில் வைத்தான். பெருவிரல் அளவுக்கு ஒரு காகிதப் பொட்டலம். வாழை நாரால் கட்டியிருந்தது.

"படத்த கழட்டுறப்ப பின்னாடி இது சொருகியிருந்துச்சுங்க. சாமி சமாச்சாரம்னு நான் பிரிக்கல. மாதாகிட்டயே பத்திரமா வெச்சிருந்தேன்."

ஏதோ கோயில் பிரசாதம் என்று வெள்ளைச்சாமி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னொன்னுங்க. மேடு ஏறறப்ப மட்டும் ஏசிய அணைச்சிருங்க. வயசான இஞ்சின். ஒரே நேரத்துல ரெண்டு வேல சொன்னா கோவிச்சுக்கும்."

"அது இவரு சொபாவம்ல" என்று பின்பக்கமிருந்து இருசம்மாள் குரல் வந்தது.

அன்பளிப்பாக அருள் பிரகாஷ் ஒரு புதுப் பாட்டுப் பெட்டியும் நான்கு ஸ்பீக்கரும் மாட்டியிருந்தான். சோதனைக்கு முத்தமிழின் போனைத்தான் அதோடு இணைத்திருந்தான். பாட்டு நன்றாகக் கேட்டது. இணைப்பைத் துண்டிக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

* * *

ஏசி ஓடத் தொடங்கியதும் என்ன நடந்தது என்பதை அளந்தே சொல்ல வேண்டும்.

முன்கண்ணாடியில் உட்கார்ந்திருந்த ஒரு ஈ நிஷ்டையில் ஆழ்ந்தது. முத்தமிழ் அதை எடுத்து ஒர்க்ஷாப் வாசலில் வெயிலில் வைத்த பிறகுதான் அதற்கு உலக நினைவு திரும்பியது. இருசம்மாளின் பையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் இருந்தது. மார்கழியில் உறைகிற எண்ணெய், அக்னி நட்சத்திரத்தில் பெரம்பலூர் எல்லை தாண்டுவதற்குள் வெண்ணெயாகிவிட்டது. இதைப் பார்த்தவர்கள் மூன்று பேர். மூவருமே பொய் சொல்லத் தெரியாதவர்கள் என்றுதான் அன்று காலைவரை வெள்ளைச்சாமி நம்பிக்கொண்டிருந்தார்.

அரியலூர் ரோட்டில் வண்டி போய்க்கொண்டிருந்தது. வெள்ளைச்சாமி ஓட்டினார். நடுவில் இருசம்மாள். ஓரத்தில் முத்தமிழ். கண்ணாடி இரண்டும் ஏற்றியிருந்தது. அவருக்கு என்னமோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று கொஞ்ச தூரம் போனபிறகுதான் பிடிபட்டது.

சத்தம்.

இத்தனை வருஷமும் அந்த வண்டியில் அவரும் இருசம்மாளும் கைச்சாடையில்தான் பேசினார்கள். காற்று அடிக்கிற அடியில் வாயால் பேசிப் பயனில்லை. "சாப்புட்டு போலாமா" என்று அவள் செந்துறையில் கேட்டால், "என்ன" என்று அவர் ஜெயங்கொண்டத்தில் கேட்பார். இப்போது அவள் மூச்சு விடுவது கேட்டது. வளையல் உரசுவது கேட்டது.

"ஏ புள்ள" என்றார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கேக்குதான்னு பாத்தேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இப்படி ஒரு சத்தம் உண்டு என்பதே அவருக்குப் புதுசு. முதுகில் சட்டை ஒட்டவில்லை. கண்ணில் எரிச்சல் இல்லை. இப்படியே தஞ்சாவூர் வரைக்கும், அதற்கப்புறம் கடல் வரும்வரைக்கும் ஓட்டலாம் போலிருந்தது.

"டேய் முத்தமிழு."

"என்னப்பா?"

"ஒரு வாரம் உங்கிட்ட பேசாம இருந்தது தப்புடா. மனசுல வெச்சுக்காத."

முத்தமிழ் வெளியே ஒன்றுமே இல்லாத கரம்பைக் காட்டில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பேரளி தாண்டி இளநீர் வண்டி பக்கம் நிறுத்தியபோதுதான் வெள்ளைச்சாமி பக்கக் கண்ணாடியைக் கவனித்தார். பின்னால் ஒரு ஆட்டு மந்தை நின்றிருந்தது. பழைய கதவின் இடுக்கு வழியே கசிந்த குளிரைப் பிடித்துக்கொண்டு அவை எங்கிருந்தோ வந்திருந்தன. இது நம்பமுடியாத விஷயமில்லை. ஆட்டுக்கும் முதுகு இருக்கிறது, முதுகுக்கும் வெயில் இருக்கிறது. ஆடு மேய்க்கிறவர் ஆட்டைத் தேடி வரவில்லை. அவரும் பின்னால்தான் நின்றிருந்தார்.

* * *

இருசம்மாளும் முத்தமிழும் இளநீர் வாங்கப் போனார்கள். வெள்ளைச்சாமி மூக்கைத் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து துண்டுத் துணியை இழுத்தார். கூடவே அந்தப் பொட்டலம் மடியில் விழுந்தது.

அப்போதுதான் காகிதத்தைச் சரியாகப் பார்த்தார். தினசரி காலண்டர் தாள். வெள்ளிக்கிழமைத் தாள். பூ கேட்கப் போன அந்த வெள்ளிக்கிழமை. தாளை இரண்டாகக் கிழித்து, பாதியில் ஒரு பூ, பாதியில் ஒரு பூ என்று இருசம்மாள் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து மடித்தது அவர் கண்முன்னால் நடந்தது.

அப்படியானால் இது அந்த இன்னொரு பொட்டலம். எடுக்கப்படாமல் கிடந்த செவ்வரளி.

அதைப் பிரிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அம்மன் வேண்டாம் என்று ஒதுக்கிய பூ. சும்மா, அதைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வைக்கலாம் என்று நாரை அவிழ்த்தார்.

செவ்வரளி காய்ந்தால் கறுத்த சிவப்பாகும். உறைந்த ரத்தம் மாதிரி. அவர் வீட்டு வேலியிலேயே அது இருக்கிறது, உதிர்ந்து காய்ந்ததை எத்தனையோ முறை கூட்டி அள்ளியிருக்கிறார். மடியில் கிடந்த பூ வைக்கோல் நிறத்தில் இருந்தது. இதழை விரலால் பிரித்துப் பார்த்தார். அடியிலும் வைக்கோல் நிறம்தான். சிவப்பு என்று சொல்ல ஒரு நரம்புகூட இல்லை.

வெள்ளரளி.

எடுத்ததிலும் வெள்ளை. எடுக்காததிலும் வெள்ளை.

அவர் அம்மன் படத்தைப் பார்த்தார். நாலு ஜன்னலும் அவள் மேல் படாமல் காற்றை விட்டுக்கொண்டிருந்தன. அந்தக் குளிரில் அவருக்குக் காது மடல் சுட்டது.

ஊர் நடுவில் பத்துப் பேருக்கு முன்னால் "சாமியே சொல்லிருச்சு" என்று சொன்னாரே, அந்த வாய் இப்போது என்ன செய்வது என்று தெரியாமல் திறந்தே இருந்தது.

இரண்டு பேரும் இளநீரோடு வந்து ஏறினார்கள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வண்டியை எடுத்தார். ஆடுகள் வழிவிட்டு, மறுபடியும் பின்னால் சேர்ந்துகொண்டன.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். "முத்தமிழு, அன்னிக்கு பூ யாரு வாங்குனது?"

"எந்தப் பூ?"

"சாமி பூ."

"நான்தாம்பா. பஸ் ஸ்டாண்டு பூக்கடையில."

"செவப்பு வாங்குனியா?"

"ரெண்டும் வாங்குனேன். அம்மாட்ட குடுத்தேனே."

"குடுத்தியா, இல்ல குடுத்த மாதிரி குடுத்தியா?"

"என்னப்பா பேசுற?"

வெள்ளைச்சாமி ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அந்தக் காலண்டர் தாளை அப்படியே டேஷ்போர்டு மேல் விரித்து வைத்தார். பழைய நாள் என்றால் காற்றில் அது பறந்துபோய் எல்லோரும் பிழைத்திருப்பார்கள். கண்ணாடி ஏற்றிய வண்டியில் பூ அசையாமல் கிடந்தது.

"நான்தாங்க" என்றாள் இருசம்மாள்.

"என்ன நீதான்?"

"ரெண்டுலயும் வெள்ளையத்தான் வெச்சேன். செவப்ப முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். இவனுக்குத் தெரியாது."

வெள்ளைச்சாமி ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். எதிரே ஒரு சிமெண்ட் லாரி வந்து, கடந்து போனது. அதன் சத்தம்கூட உள்ளே வரவில்லை.

"ஏன்?"

"ஸ்டீரிங் மேல கெடந்தீங்கன்னு இவன் வந்து சொன்னப்ப எனக்கு ஒடம்புல உசுரு இல்ல. சாமி செவப்ப எடுத்துக் குடுத்துட்டா நான் என்ன பண்றது? நீங்க அதே அனல்ல ஓட்டிக்கிட்டே இருப்பீங்க. அதான் சாமிக்கு அந்த வேலையே வெக்கல."

"சாமிய ஏமாத்தியிருக்க."

"சாமிய எங்க ஏமாத்துனேன்? நான் மடிக்கிறத அவ பாத்துக்கிட்டுத்தான இருந்தா. உங்களத்தான் ஏமாத்துனேன்."

வெள்ளைச்சாமி வேறு ஒன்றைப் பிடித்தார்.

"பண்ணுனதுதான் பண்ணுன, இத தூக்கிப் போட்டுத் தொலைச்சிருந்தா எனக்குத் தெரியாமலே போயிருக்கும்ல? சாமி படத்துக்குப் பின்னாடி எதுக்கு ஒளிச்சு வெச்ச?"

இருசம்மாளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "எங்க போடுறது? சாமி காலடியில வெச்ச பூவ கால்மிதி படுற எடத்துல போட முடியுமா? தண்ணியில விடணும். ஏரியில தண்ணி இருக்கா? கெணத்துல இருக்கா? ஆத்துல மணலுதான் இருக்கு. வூட்டுக்கொடத்துலயா விடுறது? மழ பேஞ்சு ஏரி ரொம்புனதும் விட்டுரலாம்னு, சாமி பூவ சாமிகிட்டயே வெச்சேன்."

கள்ளத்தனம் செய்கிற கையை அவள் பக்தி தடுக்கவில்லை. தடயத்தை அழிக்கிற கையைத்தான் தடுத்திருக்கிறது.

வெள்ளைச்சாமி டேஷ்போர்டு மேல் கிடந்த பூவைப் பார்த்தார். "நான் சாமிகிட்ட கேட்டேன் இருசா. பதில் நீ சொல்லியிருக்க" என்று மட்டும் சொன்னார்.

அப்போது வண்டி முழுக்க மணி அடித்தது.

* * *

நான்கு மூலையிலிருந்தும் அடித்தது. அம்மன் படம் நடுங்கியது. முத்தமிழ் சட்டைப் பையிலிருந்து போனைப் பிடுங்கி, சிவப்பை அழுத்தப் போனான். ஆனால் அந்த ஏசிக் குளிரில் அவன் விரல் விறைத்திருந்தது. சிவப்புக்குப் போன விரல் மடங்காமல் பச்சையில் விழுந்தது.

"ஏனுங் தம்பி" என்றது வண்டி.

கோயம்புத்தூர்ப் பேச்சு. பழுத்த, மரியாதையான குரல்.

"நான் அரியலூர் வந்துட்டனுங்க. வண்டி கெளம்பிருச்சுங்களா? அந்த மெக்கானிக் தம்பி போட்டோ அனுப்பிச்சுதுங்க. நான் கேட்டாப்புலயே கம்பெனி ஃபிட்டிங்காட்டவே இருக்குது. நம்ம தோட்டத்து விடுதிக்கு வர்றவங்கள ஏத்திக்கிட்டுப் போறதுக்குன்னே செஞ்சாப்புல இருக்குதுங்க. அப்பறம் தம்பி, அப்பாகிட்ட இன்னமும் சொல்லலைன்னா இன்னைக்காச்சும் சொல்லிப்போடுங்க. பெரியவரு மனசு நோவக்கூடாதுங்க. கையெழுத்தெல்லாம் முடிஞ்சுபோச்சு. இனி சாவி ஒண்ணுதானுங்களே பாக்கி."

முத்தமிழ் போனை இரண்டு கையாலும் பிடித்து அணைத்தான்.

வெள்ளைச்சாமி வண்டியை ஓரங்கட்டினார். இண்டிகேட்டர் போட்டு, பின்னால் பார்த்து, ஒழுங்காக ஓரங்கட்டினார். ஆடுகள் வந்து வண்டியைச் சூழ்ந்து நின்றன. ஏசி மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது.

"வித்துட்டியா?" என்றார்.

"அப்பா..."

"வித்துட்டியான்னு கேட்டேன்."

"ஆமாம்பா."

"அப்ப இந்த ஏசி எனக்கு இல்ல."

முத்தமிழ் தலை குனிந்தான். "அவருக்குப் பழைய வண்டிதான் வேணுமாம். ஏசி இருக்கணும், ஆனா வெச்சது தெரியக்கூடாதுன்னாரு."

வெள்ளைச்சாமி நாலு ஜன்னல்களையும் பார்த்தார். காலையில் எவ்வளவு தடவித் தடவிப் பார்த்தார். அந்தக் காற்று இத்தனை நேரமும் வேறு யாருக்கோ வீசிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் சும்மா நடுவில் உட்கார்ந்திருந்திருக்கிறார். மாப்பிள்ளை வரும்வரை மணமேடையில் உட்காரவைத்த பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி.

இருசம்மாள் மகன் பக்கம் திரும்பி, உறைந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலால் அவன் தோளில் ஒன்று வைத்தாள். "அடப்பாவி. அப்பன் உசுரு தங்கணும்னு நான் சாமி முன்னாடி பொய் சொன்னேன். நீ விக்கறதுக்கா சொன்னேன்?"

"யம்மா, நீயே இப்புடி..."

"பேசாத. வாயத் தொறந்த, தெரியும்."

அவன் வாயை மூடிக்கொண்டான். பிறகு அப்பாவைப் பார்த்துப் பேசினான். வேகமாக, மனப்பாடம் செய்து வைத்ததைப் போல.

"அன்னிக்கு நான் பக்கத்துல இருந்தேன். பிரேக்க இழுத்தேன். தெனமும் இருக்க முடியுமாப்பா? ரோட்டுல எங்க ஹாரன் விடாம அடிச்சாலும் எனக்கு நீதானோன்னு தோணுது. ஆலையில லாரிக்காரன் அடிச்சாக்கூட ஓடிப்போயி பாக்குறேன். ஏசி வெச்சா நீ நிறுத்தமாட்ட, இன்னும் ஜாஸ்தி ஓட்டுவ. எனக்குத் தெரியும். சொல்லிட்டு வித்தா ஒரு வாரம் பேசமாட்ட, அப்புறம் விக்கவும் விடமாட்ட. அதான் சொல்லல."

"எறங்கு."

"அப்பா, அந்தாளு அரியலூர்ல காத்துக்கிட்டு..."

"எறங்குடா."

முத்தமிழ் அம்மாவைப் பார்த்தான். அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கதவைத் திறந்தான். வெளியே இருந்த வெயில் ஒரு ஆள் மாதிரி உள்ளே ஏறப் பார்த்தது. அவன் இறங்கி, ஆடுகளுக்கு நடுவில் நின்றான்.

வெள்ளைச்சாமி எட்டி அந்தப் பக்கக் கண்ணாடியை ஒரு சாண் இறக்கினார்.

"அந்த மனுசன்கிட்ட போயி சொல்லு. சாவி எங்கிட்ட இருக்கு. வண்டி எங்கிட்ட இருக்கு. என் கையெழுத்து இல்லாம என் வண்டிய எவனும் வாங்க முடியாது."

முத்தமிழ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பாவைத் தாண்டி, நடுவில் இருந்தவளைப் பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டான்.

கண்ணாடி ஏறியது. வண்டி அரியலூர்ப் பக்கம் போகாமல், வந்த வழியே திரும்பியது. ஆடுகளுக்கு யார் பின்னால் போவது என்று கொஞ்ச நேரம் குழப்பம். கடைசியில் அவை முத்தமிழைத் தனியே விட்டுவிட்டு வண்டியோடு வந்தன.

* * *

இருவருக்கும் பேசினால் கேட்கும் என்பதே ஒரு பாரமாக இருந்தது.

மேடு வந்தது. ஏசியை அணைக்க வேண்டும் என்று அருள் பிரகாஷ் சொன்னது வெள்ளைச்சாமிக்கு நினைவிருந்தது. அணைக்கவில்லை. இஞ்சின் முனகிக்கொண்டே ஏறியது.

"நீ பண்ணுனதும் துரோகம்தான்" என்றார். "இல்லேன்னு சொல்லல. ஆனா என் உசுருக்காகப் பண்ணியிருக்க. அவன் என்னை உக்கார வெச்சுக்கிட்டே என் சீட்ட வித்துருக்கான்."

இருசம்மாள் தன் பக்கத்து ஜன்னலைத் திருப்பி, காற்று அவர்மேல் படும்படி வைத்தாள்.

"கையெழுத்து முடிஞ்சுதாம். எவன் கையெழுத்து? எம்பேர போலியா கிறுக்கியிருப்பான். பெத்த புள்ள. நாளைக்கே ஆர்டிஓ ஆபீஸ்ல போயி நிக்கிறேன். நீயும் வா. ரெண்டு பேருமா நின்னா எவன் என்ன பண்ண முடியும்?"

"குளுருதுங்க" என்றாள் அவள். "அத அணைங்களேன்."

"இருக்கட்டும்." அவர் ஸ்டீரிங்கிலிருந்து இடது கையை எடுத்து அவள் கையைப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் வண்டி ஓட்டும்போது அவர் அப்படிச் செய்ததில்லை. அவள் விரல்கள் பனிக்கட்டி மாதிரி இருந்தன. "நீ ஒருத்தியாவது என் பக்கம் இருக்கியே இருசா. அது போதும் எனக்கு."

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. டேஷ்போர்டில் கிடந்த வெள்ளரளியை எடுத்து, மறுபடியும் அந்தத் தாளில் மடிக்கத் தொடங்கினாள், ஒற்றைக் கையால்.

வண்டி வாங்கிய அன்று, வெள்ளைச்சாமி ராசிக்கு இரும்பு ஆகாது என்று அரும்பாவூர் ஜோசியர் சொன்னதால், அந்தப் பிக்கப் இருசம்மாள் பெயரில்தான் பதிவானது, அதை அவர் எப்போதோ மறந்துபோனார்; அவள் கையெழுத்துப் போடாமல் அதை யாரும் விற்கவோ வாங்கவோ முடியாது.